தங்கும் வீடு நடத்துவோருக்குக் கூட்டுறவு எப்படி உதவும்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் மூன்று அறைகள் கொண்ட தங்கும் வீடு நடத்துகிறேன். கூட்டுறவு என்றால் ரேஷன் கடையும் பயிர்க்கடனும்தான் நினைவுக்கு வருகின்றன. சுற்றுலாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: கோழிக்கோடு மாவட்டம் இரிங்கலில் உள்ள சர்காலயா கைவினைக் கிராமத்தை ஒருமுறை நேரில் பார்த்து வாருங்கள். கேரள சுற்றுலாத் துறைக்காக 2011 முதல் அதனை நடத்தி வருவது, கேரளத் துறவி வாக்படானந்தரின் சமூகச் சீர்திருத்த இயக்கத்தால் உந்தப்பட்ட கூலித் தொழிலாளர்கள் 1925இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். சாலையும் பாலமும் கட்டிப் பழகிய சங்கம் அது. கைவினைஞர்கள் அங்கேயே அமர்ந்து பொருள்களைச் செய்து, பார்க்க வருவோரிடம் நேரடியாக விற்கின்றனர். கூட்டம் ஓரிடத்தில் சேரும்போது அருகிலுள்ள உணவகத்துக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும்கூட அதில் வருமானம் உண்டு.

கேள்வி: அதிகப் பங்கு வைத்திருப்பவர் சங்கத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட மாட்டாரா?

பதில்: மாட்டார். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். நிகர லாபத்தில் ஒரு பகுதி காப்பு நிதிக்குச் சென்ற பிறகே பங்கு ஈவு வழங்கப்படும்.

கேள்வி: தொழிலாளர்களே உணவகம் நடத்தி நிலைத்த உதாரணம் உண்டா?

பதில்: இந்தியன் காபி ஹவுஸ். 1950களில் அரசின் காபி வாரியம் தன் காபி நிலையங்களை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்த ஊழியர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் முன்முயற்சியால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, அந்த நிலையங்களைத் தாங்களே ஏற்று நடத்தினர். திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த சுருள் வடிவக் கிளையைப் பார்ப்பதற்கென்றே பயணிகள் வருகிறார்கள். பரிமாறும் ஊழியர்களின் சங்கமே அதன் உரிமையாளர் என்பதை அறியும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

கேள்வி: எங்கள் ஊரில் பத்துத் தங்கும் வீடுகள் இருக்கின்றன. முன்பதிவுச் செயலிகளுக்குக் கமிஷன் கொடுத்தே களைத்துவிட்டோம். சங்கம் அமைத்தால் அது தீருமா?

பதில்: முழுவதும் தீராது, குறையும். முதன்முறை வரும் பயணி செயலி வழியாகவே வருவார், ஆனால் அவர் மறுமுறை வரும்போது பத்து வீடுகளுக்கும் பொதுவான ஒரு தொலைபேசி எண்ணும் ஒரே கட்டணப் பட்டியலும் இருந்தால், ஒரு வீட்டில் இடமில்லாதபோது அவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பி, அந்த வருமானத்தை ஊருக்குள்ளேயே நிறுத்த முடியும். படுக்கை விரிப்புச் சலவை, அரிசி, பருப்பு, எரிவாயு ஆகியவற்றைச் சேர்ந்து வாங்குவதில் கிடைக்கும் மிச்சம் உடனே கண்ணுக்குத் தெரியும் என்பதால், அங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கேரளத்தின் குமரகத்தில், சுற்றுலாவின் பயன் உள்ளூர் மக்களுக்கும் சேர வேண்டும் என்று 2008இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், குடும்பஸ்ரீ என்னும் அரசுத் திட்டத்தின் மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்கின. அது கூட்டுறவுச் சங்கம் அல்ல. ஆயினும், விடுதிக்கு வேண்டிய அளவும் தரமும் நாள்தோறும் தவறாமல் கிடைத்தால்தான் உள்ளூர்க் கொள்முதல் நீடிக்கும் என்ற பாடம் உங்களுக்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சீசன் நேரத்தில் கூடுதல் வாடகைக்கு ஆசைப்பட்டு, சங்கத்தின் வழியாக வந்த விருந்தினரைத் தனியே பேசி முடிக்கும் உறுப்பினர் இருவர் போதும், சங்கம் கலைந்துவிடும். இதற்கான தண்டத்தைத் துணை விதிகளிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: அரசியல் தலையீட்டை நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் நியாயமானதே. 2011இல் கொண்டுவரப்பட்ட 97ஆவது அரசமைப்புத் திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது. ஆனால் மாநிலச் சங்கங்களின் நிர்வாகம் குறித்த அதன் பகுதி செல்லாது என 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தேர்தலும் தணிக்கையும் மாநிலச் சட்டத்தின்படியே நடக்கின்றன. அரசு மானியத்தை நம்பித் தொடங்கும் சங்கத்தில் கட்சிக்காரர்கள் நுழைவது எளிது. ஆகவே முதல் ஆண்டை உங்கள் பங்குத் தொகையைக் கொண்டே நடத்துங்கள். வரவு செலவை மாதந்தோறும் எல்லா உறுப்பினர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். சங்கத்தைப் பதிவு செய்யக் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்வதற்கு முன்பே, பத்துக் குடும்பத்தாரும் ஒரு மாலை கூடிச் சலவைச் செலவை மட்டுமாவது கணக்கிட்டுப் பாருங்கள்.