இதயம் நின்று மீண்டவருக்கு மூளை ஸ்கேன்: கேள்வி பதில்

இதயம் நின்று, சிபிஆர் கொடுத்துத் துடிப்பு திரும்பியும், கண் திறக்காமல் ஐசியூவில் இருப்பவர்களின் வீட்டார் கேட்ட கேள்விகள் இவை. இந்தப் பிரிவிலேயே வேலை செய்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் சிடி நார்மல் என்றார்கள். மூன்று நாளாகியும் அப்பா ஏன் எழவில்லை?

முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சிடி, முக்கியமாக ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆக்சிஜன் இல்லாமல் செல்கள் பட்ட அடி அதில் தெரிய நேரமாகும். நல்ல மூளையில் சாம்பல் பகுதியும் வெண் பகுதியும் சேலையும் கரையும் மாதிரி பிரிந்து தெரியும். வீக்கம் வந்தால் சாயம் கலந்ததுபோல அந்த எல்லை மங்கிவிடும். முதல் நாள் சிடியை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், இன்னும் எழவில்லை என்று மனம் உடையவும் வேண்டாம்.

எம்ஆர்ஐ எப்போது எடுக்கலாம் சார்?

2 முதல் 7 நாளுக்குள். அடிபட்ட செல் வீங்கும்போது அங்குள்ள நீர் நகர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். எம்ஆர்ஐயில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் வெளுத்துத் தெரியும். பாதிப்பு பரவலாக இருந்தால், மூளை மடிப்புகளின் ஓரம் முழுக்கக் கோலமாவில் இழுத்ததுபோல வெள்ளைக் கோடு ஓடும். அப்படியொரு படம் திரையில் வரும்போது அறையே அமைதியாகிவிடும். வெளுப்பே இல்லையென்றால் நல்ல அறிகுறி. ஒரு வாரம் தாண்டினால் அடிபட்ட இடமும் நார்மல் போலத் தெரிய ஆரம்பிக்கும், அதனால் நாள் கணக்கு முக்கியம்.

ஸ்கேன் பார்த்துவிட்டு இனிப் பயனில்லை என்கிறார்கள். நம்பலாமா?

ஸ்கேனை மட்டும் வைத்துச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலே குறைந்தது 72 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது. மயக்க மருந்தின் தாக்கம் நீங்கியிருக்க வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எப்படி, கை நரம்பைத் தூண்டினால் மூளைக்குச் செய்தி போகிறதா, அடிபட்ட நரம்பு செல்களிலிருந்து கசியும் என்எஸ்இ என்ற புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்றெல்லாம் பார்த்து, இரண்டு அறிகுறிகளாவது ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும். அவசரப்பட்டு வென்டிலேட்டரை எடுத்துவிட்டால், அவர் எழுந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஸ்கேன் சொன்னது சரி என்றே கணக்கில் ஏறிவிடும். இதுதான் எனக்குப் பெரிய பயம். கடைசியாக மயக்க மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது உடம்பில் நாள்கணக்கில் தங்கலாம்.

அம்மாவுக்குப் பழைய பேஸ்மேக்கர் இருக்கிறது. எம்ஆர்ஐ முடியாது என்கிறார்கள்.

பரவாயில்லை. சிடியை மறுபடி எடுக்கலாம், மேலே சொன்ன மற்ற சோதனைகளும் இருக்கின்றன.

தம்பி என் கையைப் பிடிக்கிறான். நினைவு வந்துவிட்டதா?

உள்ளங்கையில் விரல் பட்டால் நினைவில்லாமலே கை மூடிக்கொள்ளும். அதனால் பிடிப்பதைவிட, "விடுடா" என்றால் விடுகிறானா என்று பாருங்கள். இரண்டு மூன்று தடவை சொன்னபடி விட்டால், மணியைக் குறித்துக்கொண்டு உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.