செல் சவ்வின் புரோட்டான் பம்ப், லிப்போசோமில்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: தாவர செல் சவ்வில், புரோட்டானை வெளியே தள்ளும் இந்தப் பம்ப் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? பிரித்தெடுத்துச் செயற்கைக் குமிழியில் பொருத்துவது எதற்கு?

பதில்: அங்கே அது தனியாக இல்லையே. பம்ப் வெளியே தள்ளும் புரோட்டான், சர்க்கரையையும் நைட்ரேட்டையும் இழுத்துக்கொண்டு பக்கத்துக் கடத்திகள் வழியே உள்ளே திரும்பிவிடும். எது பம்பின் வேகம், எது கசிவு என்று பிரிக்க முடியாது. லிப்போசோம் என்ற அந்தக் கொழுப்புக் குமிழியில் நாம் போட்ட லிப்பிடும் நொதியும் (அதாவது இந்தப் பம்பும்) மட்டும்தான்.

கேள்வி: எப்படிப் பொருத்துவது?

பதில்: டிடர்ஜென்டில் கரைந்த நொதியை லிப்பிடோடு கலந்து, பிறகு டிடர்ஜென்டை எடுத்துவிட வேண்டும். ஜெல் பத்தி வழியே ஓட்டலாம், பாலிஸ்டைரீன் மணிகளால் உறிஞ்சலாம். மிச்சம் இருந்தால் குமிழி ஒழுகும்.

கேள்வி: பாதி நொதிகள் தலைகீழாகப் பொருந்திவிட்டால்?

பதில்: கவலை வேண்டாம். பம்புக்கு ஆற்றல் தரும் ஏடிபி சவ்வைத் தாண்டாது. வெளியே ஏடிபி சேர்த்தால், அதைப் பிடிக்கும் பகுதி வெளிப்பக்கம் உள்ள நொதிகள் மட்டுமே ஓடி, புரோட்டானைக் குமிழிக்குள் தள்ளும். மற்றவை சும்மா இருக்கும்.

கேள்வி: சவ்வின் இருபுறமும் பிஎச் வேறுபட்டால் மங்கும் ஏசிஎம்ஏ சாயத்தைப் போட்டேன்; ஏடிபி சேர்த்ததும் அதன் ஒளிர்வு குறைகிறது. பம்ப் வேலை செய்கிறது என்று எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஏடிபி கரைசலே அளவீட்டைக் கொஞ்சம் அசைத்துவிடும். அதனால் ஏடிபியை முன்பே போட்டுவிட்டு, மக்னீசியம் சல்பேட் சேர்த்துத் தொடங்குங்கள். மக்னீசியம் இல்லாமல் இந்த நொதி நகராது. உள்ளே நேர்மின்னூட்டம் சேர்ந்தால் பம்ப் திணறும். எனவே இருபுறமும் பொட்டாசியம் வைத்து, பொட்டாசியத்தைச் சவ்வு தாண்டவிடும் வாலினோமைசின் சேர்த்து அந்த மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். கடைசியில், புரோட்டானையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றி பிஎச் வேறுபாட்டைக் கலைக்கும் நைஜெரிசினை விடுங்கள். ஒளிர்வு மேலேறித் திரும்பினால்தான் அது பிஎச் வேறுபாடு. திரும்பாவிட்டால் சாயம் வேறெங்கோ ஒட்டியிருக்கிறது. அப்புறம் இந்தப் பம்பைத் தடுக்கும் வனடேட்டோடு ஒரு முறை. அதற்கு அடங்காவிட்டால் நீங்கள் பார்ப்பது இந்தப் பம்பே அல்ல. வாக்குவோல் சவ்வின் பம்ப் கலந்துவிட்டதோ என்று சந்தேகம் இருந்தால் அதைத் தடுக்கும் பேஃபிலோமைசினும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். இத்தனையும் இல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

கேள்வி: அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் புரோட்டான் பம்பான ஏஎச்ஏ2-இன் முழுப் புரதத்தைப் பொருத்தினேன். மந்தமாக ஓடுகிறதே?

பதில்: அதன் சி-முனை, அதாவது புரதச் சங்கிலியின் வால்தான் பிரேக். செல்லில், வாலின் கடைசிக்கு முந்தைய அமினோ அமிலமான திரியோனினில் பாஸ்பேட் ஏறி, 14-3-3 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் வந்து ஒட்டினால் பிரேக் விடுபடும். வால் நறுக்கிய வடிவத்தைப் பலரும் பயன்படுத்துவது இதனால்தான். ஆனால் கட்டுப்பாட்டைப் பற்றித்தான் உங்கள் ஆய்வு என்றால் வாலை வெட்டாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு பம்பைத் தனியாகப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். 2016-இல் ஏஎச்ஏ2-ஐ ஒற்றைக் குமிழிகளில் வைத்துப் பார்த்தார்கள். அது சீராக ஓடவில்லை: கொஞ்ச நேரம் பம்ப் செய்கிறது, சும்மா இருக்கிறது, சில சமயம் தள்ளிய புரோட்டானைத் தானே கசியவிடுகிறது. கோடிக்கணக்கான குமிழிகளின் சராசரியில் இது தெரியாது. ஆகவே உங்கள் வரைபடத்தில் கசிவு தெரிந்தால் லிப்பிடை மட்டும் குறை சொல்லாதீர்கள். நொதி இல்லாத வெறும் லிப்போசோமையும் கூடவே அளந்து பாருங்கள்.