கிறிஸ்தவ மன்னர்களின் முஸ்லிம் குடிகள்: கேள்வி பதில்

இடைக்கால ஸ்பெயின் என்றதும் போர்களும் அரசர்களும்தான் முன்னால் வந்து நிற்பார்கள். முஸ்லிம் ஆட்சியிலிருந்து கிறிஸ்தவ அரசர்களுக்கு ஊர் கைமாறிய பிறகும் அங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்கள் என்ன ஆயின என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அரசர்களின் கதையைவிட இதைத்தான் முதலில் படிக்கவேண்டும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஸ்பெயினில் இம்மக்களை முதேஹர்கள் என்பது வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஊரைப் பிடித்த மன்னர்கள் இவர்களை ஏன் விரட்டவில்லை? சகிப்புத்தன்மையா?

பல ஊர்களில் விரட்டத்தான் செய்தார்கள். 1236-ல் கோர்தோபாவிலும் 1248-ல் செவில் நகரத்திலும் வீடுவாசலை விட்டு வெளியேறவேண்டும் என்பதுதான் சரணடைவு நிபந்தனை. சரகோசா, டூடேலா பக்கம் வேறு மாதிரி. 1119-ல் டூடேலா மக்களோடு வடகிழக்கு ஸ்பெயினின் அரகோன் நாட்டு அரசர் முதலாம் அல்ஃபோன்சோ செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவர்கள் ஓராண்டு காலம் சொந்த வீட்டிலேயே இருக்கலாம், பெரிய பள்ளிவாசலும் அதுவரை அவர்களிடமே இருக்கும். அதன் பிறகு மதிலுக்கு வெளியே குடிபெயரவேண்டும். நிலபுலன் அவர்களுடையதே.

ஏன் இந்தத் தாராளம்? கிழக்குக் கடற்கரையில் உள்ள வலென்சியாவைப் பார்த்தால் விளங்கும். 1238-ல் நகரத்தைப் பிடித்த அரகோன் அரசர் முதலாம் ஜெய்மே, 1270-ல் வலென்சியா நாட்டில் குடியேறிய கிறிஸ்தவர்கள் 30,000 பேர்தான், ஒரு லட்சம் பேராவது தேவை என்று குறைபட்டுக்கொண்டார். நெல்லும் கரும்பும் விளையும் பாசன நிலம், தலைமுறை தலைமுறையாகப் பிரித்துவந்த வாய்க்கால் தண்ணீர். முறை வைத்து மடை திறக்கத் தெரிந்தவர்களை விரட்டிவிட்டு வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் 1250-ல் ஊஷோ பள்ளத்தாக்கு முஸ்லிம்களுக்கு ஜெய்மே எழுதிக்கொடுத்த சாசனத்தில் தொழுகை, சொந்த நீதிபதி, பிள்ளைகளுக்குக் குர்ஆன் கற்பிப்பது எல்லாம் அனுமதிக்கப்பட்டன. பதிலுக்கு விளைச்சலில் பங்கு, வீட்டு வரி, ஊழிய வேலை. முஸ்லிம்களும் யூதர்களும் அரசரின் கருவூலம் என்றே அன்றைய ஆவணங்கள் பேசுகின்றன. முதேஹர்கள் எத்தனை பேரோ அத்தனை ஆதாயம் என்று பிரபுக்களிடையே ஒரு பழமொழியே இருந்தது.

எல்லாரும் வாய் மூடிப் பணிந்துவிடவும் இல்லை. வலென்சியாவின் தெற்கு மலைகளில் அல்-அஸ்ரக் என்ற தலைவர் 1247 வாக்கில் தொடங்கிய கிளர்ச்சி பத்தாண்டு ஓடியது. 1276-ல் மீண்டும் படையெடுத்து வந்து ஆல்கோய் ஊர் வாசலில் உயிரை விட்டார். 1264-ல் தெற்கே ஆண்டலூசியாவும் முர்சியாவும் ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சி அடங்கியதும் ஆண்டலூசியாவின் முதேஹர்களில் பெரும்பகுதியினர், முஸ்லிம் அரசு எஞ்சியிருந்த கிரனாடாவுக்கோ வட ஆப்பிரிக்காவுக்கோ போய்விட்டார்கள்.

அவர்களுக்குள் வழக்கு வந்தால் யார் தீர்ப்பது?

ஊர் ஜமாஅத். அதற்கு அரசாங்க அங்கீகாரம் உண்டு. வழக்கைத் தீர்க்கக் காஜி, வரி வசூலுக்கும் நிர்வாகத்துக்கும் அமீன், தொழுகைக்கும் பத்திரம் எழுதவும் ஃபகீஹ். நிக்காஹ், தலாக், பாகப்பிரிவினை எல்லாம் ஷரீஅத்படியே நடந்தன. ஒரு தரப்பு கிறிஸ்தவராக இருந்தால் மட்டும் வழக்கு கிறிஸ்தவ அதிகாரியிடம் போகும்.

ஆனால் காஜியை நியமிப்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அரசர்தான். 14-ம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வலென்சியாவின் தலைமைக் காஜி பதவி பெல்விஸ் என்ற ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறைகளாக இருந்தது. வணிகத்திலும் அரண்மனைச் செல்வாக்கிலும் வளர்ந்த குடும்பம் அது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. காஜி கசையடியோ மரணமோ விதித்துத் தீர்ப்புச் சொல்வார். அரச அதிகாரி அதை அபராதமாகவோ அடிமைத்தனமாகவோ மாற்றுவார். அபராதம் கஜானாவுக்குப் போகும், அடிமையை விற்ற காசும் கஜானாவுக்குத்தான். விபச்சாரக் குற்றம் சாட்டப்பட்ட முஸ்லிம் பெண்கள் பலர் இப்படி அரசரின் அடிமைகளானார்கள். கிறிஸ்தவ ஆணோடு உறவு என்று பிடிபட்ட பெண்ணுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணோடு பிடிபட்டாலோ சட்டத்தில் மரணம். சொந்தச் சட்டம், சொந்த நீதிமன்றம் என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களையும் சேர்த்தே எழுதவேண்டும்.

பாங்கு சொல்ல முடிந்ததா? உடையில் அடையாளம் வைத்தார்களாமே?

முதல் நூற்றாண்டுகளில் பல ஊர்களில் சொன்னார்கள். 1311-12-ல் கூடிய வியென் திருச்சபைச் சங்கம், கிறிஸ்தவ நாடுகளில் உயரமான இடத்தில் ஏறி முகமது நபியின் பெயரை உரக்கச் சொல்வதையும், முஸ்லிம் பெரியார்களின் அடக்கத்தலங்களுக்குக் கூட்டமாகப் போவதையும் தடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. அரகோன் அரசர்கள் தடையை அறிவிப்பார்கள், பிறகு பணம் வாங்கிக்கொண்டோ பிரபு கேட்டுக்கொண்டாலோ தளர்த்துவார்கள். குரலுக்குப் பதிலாகக் கொம்பு ஊதித் தொழுகை நேரத்தை அறிவித்த ஊர்களும் உண்டு.

அடையாள உடை 1215-ன் நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கத்தின் தீர்மானம். அரகோனில் உடையைவிட முடிவெட்டில்தான் அதிகாரிகள் கண்ணாக இருந்தார்கள். ஸ்பெயினின் இன்னொரு பெரிய அரசான காஸ்தீலில் 15-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நீலப் பிறை ஒன்றை உடையில் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்த ஆணைகள் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டதிலிருந்தே மக்கள் அவற்றை எவ்வளவு மதித்தார்கள் என்பது தெரிகிறது.

முஸ்லிம் அல்லாத அரசரின் கீழ் வாழ்வது மார்க்கப்படி கூடுமா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லையா?

கேட்காமல் இருப்பார்களா? நானூறு ஆண்டுகளாக அவர்களை விடாமல் வாட்டிய கேள்வி இதுதான்.

துனீசியாவின் மஹ்திய்யா நகரத்து அறிஞர் அல்-மாஸரீ 1141-ல் இறந்தவர். சிசிலியில் கிறிஸ்தவ அரசரால் நியமிக்கப்பட்ட காஜியின் தீர்ப்பு செல்லுமா என்று அவரிடம் கேட்டார்கள். செல்லும் என்றார். அங்கே தங்கியவருக்குத் தக்க காரணம் இருக்கும் என்று நல்லெண்ணம் கொள்ளவேண்டும், நீதிபதியே இல்லாமல் போனால் மக்கள் என்ன ஆவார்கள் என்பது அவர் வாதம். கோர்தோபாவின் இப்னு ருஷ்த் (அதே பெயர் கொண்ட தத்துவ அறிஞரின் பாட்டனார், 1126-ல் இறந்தவர்) இதற்கு நேர்மாறு: ஹிஜ்ரத் கடமை, வெளியேறியே ஆகவேண்டும்.

இந்த இரண்டாவது கருத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து அறிஞர் அல்-வன்ஷரீஸீ. அவரிடம் வந்த ஒரு கேள்வியைப் படித்தால் மனம் கனத்துவிடும். 1485-ல் சரணடைந்த மார்பெல்லாவைச் சேர்ந்த ஒருவர். ஊர்க்காரர்கள் புறப்பட்டபோது, போரில் காணாமல்போன தன் சகோதரனைத் தேடுவதற்காக அவர் மட்டும் பின்தங்கினார். தேடிக் கிடைக்கவில்லை. நம்பிக்கை இழந்து கிளம்பலாம் என்று பார்த்தால், தங்கிவிட்ட ஏழை முஸ்லிம்களுக்காக அதிகாரிகளிடம் பேச இவரைத் தவிர வேறு ஆள் இல்லை. மொழி தெரிந்தவர். வழக்கென்றால் அவர்களுக்காக வாதாடுகிறவர். பலரை ஆபத்திலிருந்து மீட்டவர். இவர் போய்விட்டால் அவர்கள் கதி அதோகதி. அவர்களுக்காக அங்கேயே இருக்கலாமா?

கூடாது என்றார் அல்-வன்ஷரீஸீ. போகச் சக்தி உள்ளவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தங்க அனுமதியில்லை என்கிற கண்டிப்பு அந்த ஃபத்வாவில். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மார்க்கமும் மொழியும் உடையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போகும் என்று அவர் அஞ்சினார், அது வீண் அச்சம் இல்லை. ஆனாலும் அந்த மனிதரின் இடத்தில் நின்று பார்த்தால் என்னால் அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. வெளியேறக் கப்பல் கூலி வேண்டும், அரசாங்கத்துக்கு அனுமதிக் கட்டணம் வேண்டும். இரண்டும் இல்லாத குடும்பங்களுக்கு அவர் ஒருவர்தான் துணை.

நார்மன் சிசிலியை நல்லிணக்கத்தின் பொற்காலம் என்கிறார்களே?

வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் முஸ்லிம்களிடமிருந்து பிடித்து ஆண்ட தீவு அது. அரண்மனையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1154-ல் அரசர் இரண்டாம் ரோஜர் அவையில் அல்-இத்ரீஸீ உலக நிலநூலை முடித்துக்கொடுத்தார். அரபியில் கணக்கு, அரபியில் நாணயம். 1184 கடைசியில் ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் சிசிலியில் கரையேறிய ஆண்டலூசியப் பயணி இப்னு ஜுபைரும், பலேர்மோவில் பள்ளிவாசல்களையும் பாங்கையும் கண்டு வியக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்தி வந்தார்களாம்.

அதே பயணி சிசிலியின் திராபானி ஊரில் கேட்டது வேறு. மகனைத் திட்டினால் அவன் கோபித்துக்கொண்டு தேவாலயத்துக்குள் ஓடி ஞானஸ்நானம் பெற்றுவிடுவானோ என்று தகப்பன்மார் பயந்து பயந்து பிள்ளை வளர்த்தார்கள். ஊரில் மதிப்புள்ள ஒருவர் ஹஜ் பயணிகளில் ஒருவரிடம் தன் மகனை அனுப்பினார்: என் பெண்ணை அழைத்துப் போங்கள், நீங்களே மணந்துகொள்ளுங்கள், இல்லையேல் உங்கள் ஊரில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுங்கள். பெண்ணும் பிறந்தவீட்டைப் பிரியச் சம்மதித்தாள். இனி பார்க்கவே முடியாது என்று தெரிந்து மகளை முன்பின் தெரியாதவரோடு கப்பல் ஏற்றுகிற நாட்டைப் பொற்காலம் என்று எப்படிச் சொல்வது?

பின்னால் நடந்தது இன்னும் கொடியது. 1189-ல் இரண்டாம் வில்லியம் இறந்ததும் பலேர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள், மலைகளுக்கு ஓடினார்கள். 1220-களிலிருந்து சிசிலி அரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக், எதிர்த்தவர்களைக் கூட்டம் கூட்டமாகத் தென் இத்தாலியின் லுசேராவுக்குப் பெயர்த்தார். அங்கே பள்ளிவாசலோடு தனி ஊராக வாழ்ந்து, அரசருக்கு வில் வீரர்களைக் கொடுத்தார்கள். 1300 ஆகஸ்டில் பிரெஞ்சு ஆன்ஜூ வம்சத்து அரசர் இரண்டாம் சார்லஸ் ஒரே அடியாக அந்த ஊரைக் கலைத்தார். சொத்து பறிமுதல், மக்கள் அடிமைச் சந்தையில்.

காலப்போக்கில் அரபி மறந்துபோனதா?

வலென்சியாவில் கடைசிவரை பேசினார்கள். காஸ்தீலிலும் அரகோனிலும் வீட்டு மொழி ஸ்பானியத்தின் வட்டார வழக்காகிவிட்டது. காஸ்தீல் முஸ்லிம்கள் அடக்குமுறையாலும் வரியாலும் செல்வத்தையும் அரபிப் பள்ளிகளையும் இழந்துவிட்டார்கள் என்று செகோவியாவின் மார்க்க அறிஞர் ஈசா இப்னு ஜாபிர் வருந்தி எழுதுகிறார். அதற்காகவே 1462-ல் மார்க்கச் சட்டத்தை ஸ்பானிய மொழியில் தொகுத்துக்கொடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சவாய் மலைநாட்டில் ஹுவான் தே செகோவியா என்ற பாதிரியாரோடு உட்கார்ந்து குர்ஆனை ஸ்பானியத்தில் பெயர்த்தவரும் இவரே. அந்தப் பெயர்ப்பு தொலைந்துவிட்டது, பெரிய இழப்பு.

மொழி போனாலும் எழுத்தை விடவில்லை. ஸ்பானியத்தை அரபி எழுத்தில் எழுதினார்கள். நம் அரபுத்தமிழ் ஏடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆவிலா நகரத்து ஒமர் படூன் 1491-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு 1495-ல் திரும்பிய கதை இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1884-ல் அரகோனின் அல்மொனாசித் தே லா சியெராவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியில் கட்டுக்கட்டாகச் சுவடிகள் கிடைத்தன. நூல் கட்டும் கருவிகளும் கூடவே இருந்தன. என்னவென்று தெரியாமல் சிலவற்றை நெருப்பில் போட்டுவிட்டார்கள். மிஞ்சியவைதான் இந்த இலக்கியத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதிக்கு ஆதாரம்.

1492-ல் யூதர்களை வெளியேற்றியவர்கள் முஸ்லிம்களை ஏன் விட்டுவைத்தார்கள்?

முஸ்லிம்களுக்கு வெளியே அரசுகள் இருந்தன. இங்கே கைவைத்தால் எகிப்திலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் கிறிஸ்தவர்கள் மேல் கைவைப்பார்கள் என்ற பயம். போர்த்துகல் 1497-ல் யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்துவிட்டு, முஸ்லிம்களைப் போகவிட்டதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். வலென்சியப் பிரபுக்களின் வருமானம் இன்னொரு காரணம்.

ஆனால் காலம் மாறிவிட்டது. கிரனாடாவின் சரணடைவுக்காக 1491 நவம்பரில், மார்க்கத்தில் கைவைக்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்த வாக்குறுதி எட்டே ஆண்டுதான் தாங்கியது. 1499-ல் அங்கே கட்டாய மதமாற்றம் தொடங்கியது. 1502-ல் காஸ்தீல் முழுவதற்கும் ஆணை: மதம் மாறு, அல்லது வெளியேறு. 1516-ல் வடக்கே நவாரா நாட்டுக்கும் அதே ஆணை. அரகோன் நாடுகளில் மட்டும், யாரையும் வற்புறுத்தமாட்டேன் என்று 1510-ல் அரசர் ஃபெர்டினாண்ட் உறுதிகொடுத்திருந்தார். அடுத்து வந்த ஐந்தாம் சார்லஸும் அதே சத்தியம் செய்தார். 1521-ல் வலென்சியாவில் பிரபுக்களை எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்தினர், பிரபுக்களின் முஸ்லிம் குடிகளைப் பிடித்துக் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்தார்கள். அது செல்லும் என்று 1525-ல் அறிஞர் குழு தீர்ப்புச் சொன்னது. சத்தியத்திலிருந்து சார்லஸைப் போப்பாண்டவர் முன்பே விடுவித்திருந்தார். 1526-க்குப் பிறகு ஸ்பெயினில் சட்டப்படி முஸ்லிம் ஒருவரும் இல்லை.

கட்டாயமாக மதம் மாற்றப்பட்டவர்களுக்கு, முன்பே 1504-ல், வட ஆப்பிரிக்காவின் வஹ்ரானைச் (ஓரான்) சேர்ந்த முஃப்தி ஒருவர் எழுதிய ஃபத்வா அல்-வன்ஷரீஸீக்கு நேர் எதிரானது. சைகையாலாவது தொழுங்கள், சிலைக்கு முன் தலைகுனியச் சொன்னால் உள்ளத்தில் இறைவனை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்கிறது. பெயரளவில் கிறிஸ்தவர்களாக இன்னும் மூன்று தலைமுறை வாழ்ந்த பிறகு, 1609-லிருந்து 1614-க்குள் சுமார் 3 லட்சம் பேரை நாடு கடத்தினார்கள்.

ஸ்பெயினுக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

தெருவெல் நகரத்தின் செங்கல் கோபுரங்களை முதலில் பாருங்கள். தேவாலய மணிக்கோபுரங்கள்தான், ஆனால் பச்சை ஓடு பதித்த வேலைப்பாடு முதேஹர் கைவண்ணம். 1986-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. செவிலில் காஸ்தீல் அரசர் முதலாம் பெத்ரோவின் 1364-ம் ஆண்டு அரண்மனை முகப்பில், கிறிஸ்தவ அரசரின் பெயர் பொறித்த வரியோடு ‘அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளர் இல்லை’ என்ற அரபி வாசகம் திரும்பத் திரும்ப வரும். ஏப்ரலில் போகிறவர்கள் ஆல்கோய் ஊருக்கும் போகலாம். அல்-அஸ்ரக் விழுந்த அந்தப் போரை ஊரே இரண்டு அணியாக வேடமிட்டு இன்றும் நடத்திக் காட்டுகிறது.