முடிவு வரும் வரை

கேள்வி: பிரிட்டனில் புகலிடம் கோரியவர்கள், முடிவு வரும் வரை வேலை செய்து பிழைக்கலாம் அல்லவா? ஏன் அரசின் உதவியை நம்பியிருக்கிறார்கள்?
வாசகி ஒருவர், தஞ்சாவூர்.

பதில்: பெரும்பாலோருக்கு வேலை செய்யும் உரிமையே இல்லை என்பதுதான் வருத்தத்துக்குரிய உண்மை. 2024 நிலவரப்படி, விண்ணப்பித்து 12 மாதங்கள் கடந்தும் தம் தவறு ஏதுமின்றி முடிவு தாமதமாகியிருந்தால் மட்டுமே அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் அரசு வரையறுத்த பட்டியலிலுள்ள தொழில்களில்தான் சேர முடியும். உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை அப்பட்டியலில் இல்லை.

வேறு வழியற்றவர்களுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தங்குமிடமும் பணமும் தரப்படுகின்றன. எந்த ஊரில் தங்குவது என்பதை அரசே தீர்மானிக்கிறது. 2024இல், தாமே சமைத்துக்கொள்வோருக்கு வாரம் ஒன்றுக்கு 49.18 பவுண்டு வழங்கப்பட்டது; உணவு தரும் விடுதிகளில் இருந்தவர்களுக்கோ 8.86 பவுண்டுதான். வழக்கறிஞரைப் பார்க்கப் பேருந்துக் கட்டணம், ஊரிலுள்ள தாயிடம் பேசத் தொலைபேசிச் செலவு, குழந்தைக்கு ஒரு ஜோடிக் காலுறை என அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். உழைக்கத் தயாராக இருப்பவரை மாதக்கணக்கில் ஓர் அறைக்குள் சும்மா உட்காரவைப்பது, என் பார்வையில், வறுமையைவிடக் கொடியது.

ஆயினும் பொதுச் சுகாதாரச் சேவையில் இலவச மருத்துவம் உண்டு. குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் உண்டு. விண்ணப்பம் மறுக்கப்பட்டால், நாட்டுக்குள் இருப்பவர் பொதுவாக 14 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும் என்பதால், மறுப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே வழக்கறிஞரை நாடுவது அவசியம்.