சேலம் ஜங்ஷன்ல ஏறி கப்பல் வரைக்கும்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

இதுவரைக்கும் நாலு தடவ கப்பல் டூர் போயிருக்கேன், நாலுமே கிளம்புனது நம்ம சூரமங்கலத்து ஜங்ஷன்ல இருந்துதான். இத ஒருத்தர்கிட்ட சொன்னது தப்பாப் போச்சு, ஆளாளுக்கு கேள்வி, அதுலயும் பாதி ஒரே கேள்வி. அதனால மொத்தமா உக்காந்து பதில் எழுதிட்டேன். செலவு எவ்ளோ ஆகும்னு மட்டும் கேக்காதீங்க, கேபினுக்கு கேபின் மாசத்துக்கு மாசம் மாறும், நான் ஒன்னு சொல்லி நீங்க ஒன்னு கட்டி கடைசில என்னத்தான் திட்டுவீங்க.

அம்மாபேட்டை அக்கா: சென்னைல இருந்து கப்பல் சாயங்காலம்தான் கிளம்புதாம். காலைல வந்தே பாரத் புடிச்சா மத்தியானத்துக்குள்ள சென்ட்ரல் போயிடலாமே தம்பி, எதுக்கு ஒரு நாள் முன்னாடியே போயி லாட்ஜுக்கு தண்டம் அழணும்?

அக்கா, கப்பல் கிளம்புற நேரம் வேற, நம்ம ஏற வேண்டிய நேரம் வேற. பயணிங்க லிஸ்ட்ட முடிச்சு துறைமுகத்துக்கும் இமிக்ரேஷனுக்கும் குடுக்கணும்ல, அதனால கிளம்புறதுக்கு ஒரு மணி ஒன்றரை மணி நேரம் முன்னாடியே செக்-இன்ன மூடிடுவாங்க. ட்ரெயின் மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா ஏறாம ஐஆர்சிடிசில டிடிஆர்னு (TDR) ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டு டிக்கெட் காச திரும்ப வாங்கிடலாம், ஆனா கப்பல் காசுக்கு ரயில்வே பொறுப்பு கிடையாது. கப்பல்காரங்களும் "உங்க ட்ரெயின் லேட்டுக்கு நாங்க என்ன பண்றது"ன்னுதான் கேப்பாங்க. மொதத் தடவ நானும் உங்கள மாதிரிதான் கணக்கு போட்டேன். காட்பாடி தாண்டி வண்டி நடுக்காட்டுல நின்னுச்சு, அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி, வீட்டம்மா என்னைப் பாக்குறாங்க நான் ஜன்னலப் பாக்குறேன். எப்படியோ கடைசி ஆளா உள்ள போனோம், ஆனா மொத நாள் சாப்பாடு எறங்கவே இல்ல. அதுல இருந்து ஒரே முடிவுதான்: கப்பல் ஏறுற ஊருக்கு முந்தின நாளே போயிடணும். அந்த நாள தண்டம்னு நினைக்காதீங்க, அதையும் டூர்ல சேத்துக்கோங்க. கபாலீஸ்வரர் கோயில், சாயங்காலம் பீச், பீச் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல பர்மா பஜார், பொழுது போறதே தெரியாது. சென்ட்ரல்ல இருந்து துறைமுகம் பக்கம்தான்.

ஆத்தூர்ல இருந்து ஒரு தம்பி: அண்ணா, கப்பல் டிக்கெட் ஆறு மாசம் முன்னாடியே எடுத்தா சீப்னு சொல்றாங்க. ட்ரெயினும் அப்பவே எடுத்துடலாமா?

எடுக்க முடியாதுப்பா. 2024 நவம்பர் 1ல இருந்து ட்ரெயின் முன்பதிவு 60 நாள்தான், முன்னாடி 120 நாள் இருந்துச்சு. கப்பல எடுத்த அன்னிக்கே காலண்டர்ல 60 நாள எண்ணி வட்டம் போட்டு வச்சுக்கோ, அந்தக் காலைல எட்டு மணிக்கு உக்காந்துடு. தட்கல் பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காத, முந்தின நாள் ஏசிக்கு பத்து மணி ஸ்லீப்பருக்கு பதினோரு மணி, கெடச்சா கெடச்சது இல்லன்னா பஸ்தான். உனக்கு ஒரு வசதி இருக்கு, சேலம் - எழும்பூர் நைட் வண்டி உங்க ஆத்தூர் வழியாத்தான் விருத்தாசலம் போகுது, தூங்கி எந்திரிச்சா எழும்பூர். ஆனா அதுலயும் கப்பலுக்கு முந்தின நாள் காலைல போய்ச் சேர்ற மாதிரி பாரு, அன்னிக்கே இல்ல.

ஏற்காட்டுல காபி தோட்டம் வச்சிருக்கறவர்: எனக்கு மலை எறங்குறப்பவே, 20 கொண்டை ஊசி வளைவுல பத்தாவதுக்குள்ள வாந்தி வந்துரும். கப்பல் தாங்குமா சார்?

சார், உங்களுக்கு ஒரு நல்ல சேதி, கார் வளைவுல தலைய ஆட்டுற ஆட்டம் வேற, பெரிய கப்பல் ஆடுற ஆட்டம் வேற. பெரிய கப்பல்ல ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கும், ஆட்டத்த அது நெறைய கொறச்சிரும். இருந்தாலும் பால்கனி ஆசைல மேல் மாடில முன்பக்கமா கேபின் எடுத்துடாதீங்க. கப்பலோட நடுவுல, கீழ் மாடியா எடுங்க, ஊஞ்சல்ல நடுப்பலகை மாதிரி அங்கதான் ஆட்டம் கம்மி. மாத்திரைய வாந்தி வர்றதுக்கு முன்னாடியே போடணும், வந்தப்புறம் போட்டா அதுவும் சேந்து வெளிய வந்துரும், உங்களுக்கு எது ஒத்துக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அதவிட முக்கியம் மாசம். அரபிக்கடல் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பருவமழை, அலை ஓங்கி அடிக்கும், நம்ம வங்கக்கடல் பக்கம் அக்டோபர் நவம்பர் டிசம்பர் புயல் சீசன். நீங்க காபி பறிக்கிற வேலை முடிஞ்சு பிப்ரவரி மார்ச்ல போங்க.

ஓமலூர் ரிட்டயர்டு வாத்தியார்: பாஸ்போர்ட் எல்லாம் எடுக்க அலுப்பா இருக்கு. நம்ம நாட்டுக்குள்ளயே ட்ரெயின், ஊர், கப்பல் மூணும் வர்ற மாதிரி ஒரு ரூட் சொல்லுங்களேன்.

ஐயா, எனக்கு ரொம்பப் புடிச்ச ரூட்டே அதுதான். போறதுக்கு ட்ரெயின், வர்றதுக்கு கப்பல். சேலத்துல மும்பை வண்டி ஏறுனீங்கன்னா ஒரு நாளுக்கு மேல ஓடும், கையில கட்டுசோறு இருந்தா அதுவே ஒரு டூர். மும்பைல ரெண்டு நாள் இருங்க. கப்பல் ஏறுற பல்லார்ட் பியர், சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்ங்கற சிஎஸ்எம்டி ஸ்டேஷன்ல இருந்து கூப்பிடு தூரம், அதனால ரூம கோட்டை ஏரியாவுலயே போடுங்க. அந்த ஸ்டேஷன் 2004ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கற கட்டடம், ராத்திரி லைட் போட்டப்புறம் போயி ஒரு தடவ நின்னு பாருங்க. உங்க வண்டி குர்லா பக்கம் லோக்மான்ய திலக்ல நிக்கிற வண்டியான்னு டிக்கெட்ல பாத்துக்கோங்க, அங்க எறங்குனா டாக்சிக்கு தனியா அழணும். மும்பைல இருந்து கோவா, லட்சத்தீவு பக்கம் போயி கொச்சில எறக்கி விடுற ஒருவழி கப்பல் சில சீசன்ல வருது, தேதி வந்தா விட்றாதீங்க. உள்நாட்டுக் கப்பலுக்கு நம்ம ஆளுங்களுக்கு ஆதார் மாதிரி போட்டோ அடையாள அட்டை போதும்.

கொச்சில கப்பல் நிக்கிறது வில்லிங்டன் தீவுல. எறங்குன அன்னிக்கே ஊருக்கு ஓடாம ஒரு ராத்திரி தங்குங்க, ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோலயே போகலாம், மட்டாஞ்சேரில 1568ல கட்டுன யூத கோயில் இருக்கு, சனிக்கிழமை போயிடாதீங்க, பூட்டியிருக்கும். ஊருக்கு வர்றப்ப சவுத்தா நார்த்தான்னு டிக்கெட்ல பாத்துட்டு ஆட்டோ ஏறுங்க, எர்ணாகுளம் ஜங்ஷன்னா சவுத், டவுன்னா நார்த். இத மாத்திப் போயி வண்டிய விட்டவங்கள எனக்கே தெரியும்.

செவ்வாய்ப்பேட்டைல இருந்து: பசங்களோட சிங்கப்பூர் கப்பல். அதோட மலேசியாவும் ட்ரெயின்ல சுத்தணும். எத முன்னாடி வைக்கிறது?

மலேசியாவ முன்னாடி வைங்க. திருச்சில இருந்தோ சென்னைல இருந்தோ நேரா கேஎல், அதான் கோலாலம்பூர் போயிடுங்க. பத்துமலைக்கு லோக்கல் ட்ரெயினே போகுது, 272 படி, வாசல்ல 140 அடி முருகன். நம்ம புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன் 146 அடின்னு பசங்ககிட்ட சொல்லி வைங்க, அங்க போயி பெருமையா பேசிக்கும். அப்புறம் கேஎல்ல இருந்து ஜோகூர் பாரு வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்க்கு அஞ்சு நிமிஷ ட்ரெயின். சிங்கப்பூர்ல ஒரு நாள் இருந்துட்டு கப்பல். பெரிய கப்பலுங்க மெரினா பே க்ரூஸ் சென்டர்ல நிக்கும், மெரினா சவுத் பியர்ங்கற எம்ஆர்டி (மெட்ரோ ட்ரெயின்) ஸ்டேஷன்ல எறங்கணும். ஹார்பர்ஃப்ரண்ட்ல இன்னொரு டெர்மினல் இருக்கு, டிக்கெட்ல எதுன்னு நல்லா படிங்க.

விசாதான் இதுல சிக்கல். நீங்க சிங்கப்பூர் உள்ள போயி, கப்பல்ல வெளிய போயி, திரும்ப சிங்கப்பூர்ல எறங்குறீங்க, அது ரெண்டு தடவ நுழையற கணக்கு. மல்டிப்பிள் என்ட்ரியான்னு விசா பேப்பர்ல கண்ணால பாத்துட்டுதான் மத்ததெல்லாம் புக் பண்ணணும். கப்பல் பினாங்கு போனா டூர் பஸ்ஸுக்கு காசு கட்டாதீங்க, கப்பல் ஜார்ஜ் டவுன் பக்கத்துலயே நிக்கும், நடந்தே லிட்டில் இந்தியா போயி தோசை சாப்பிட்டுட்டு வந்துடலாம்.

அஸ்தம்பட்டி டாக்டரம்மா: மெடிட்டரேனியன் கப்பல், "ரோம்ல ஏறி ஃப்ளோரன்ஸ் போகும்"னு போட்டிருக்கு. ரோம்ல கப்பல் எப்படிங்க?

நல்லா கேட்டீங்க மேடம். விளம்பரத்துல போடுறது பெரிய ஊர் பேரு, கப்பல் நிக்கிறது வேற ஊரு. நம்ம சேலம் ஏர்போர்ட்டுன்னு சொல்லிட்டு காமலாபுரத்துல எறக்கற கதைதான், ஆனா தூரம் இன்னும் ஜாஸ்தி. ரோம்னு போட்டா சிவிடவெக்கியா, ஒரு 80 கிலோமீட்டர். ஃப்ளோரன்ஸ்னா லிவோர்னோ. பாரிஸ்னா லெ ஹாவ்ர், ட்ரெயின்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல. பெர்லின்னா வார்னமுண்டா, மூணு மணி நேரம், கப்பல் நிக்கிறதே ஒரு பகல்தான், போறதும் வர்றதும்தான் மிச்சம். அதனால இந்தப் பெரிய ஊரையெல்லாம் கப்பல் நிக்கிற நாள்ல அவசரமா பாக்காதீங்க, கப்பலுக்கு முன்னாடி ட்ரெயின்ல பாத்துடுங்க. ஃப்ளோரன்ஸ் - ரோம் ஃபாஸ்ட் ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம். ரோமா டெர்மினி ஸ்டேஷன்ல இருந்து சிவிடவெக்கியாவுக்கு ஒரு மணி நேரம் போல, அங்க லோக்கல் ட்ரெயின் பேப்பர் டிக்கெட்ட ஏறுறதுக்கு முன்னாடி மிஷின்ல குத்தணும், இல்லன்னா ஃபைன். நேப்பிள்ஸ் மட்டும் நெஜமாவே ஊருக்குள்ளயே துறைமுகம், அன்னிக்கு எரிமலைல புதைஞ்ச பழைய ஊரு பாம்பேய் (Pompeii) போயிட்டு வரலாம். பெட்டி சின்னதா இருக்கட்டும் மேடம், அங்க ஸ்டேஷன்ல போர்ட்டர நம்பிப் போக முடியாது, படில நீங்கதான் தூக்கணும்.

குகை: கப்பல் காலைல 7 மணிக்கு கரைக்கு வந்துடுமாம், 9 மணி ட்ரெயின் போடலாமா?

வேண்டாம். எறங்க நம்பர் போட்டு கூப்பிடுவாங்க, முந்தின ராத்திரி கேபினுக்கு வெளிய வச்ச பெட்டிய கூட்டத்துல தேடணும், வெளிநாட்டுக் கப்பல்னா இமிக்ரேஷன் வேற. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இருக்கற வண்டியா போடுங்க.

கொண்டலாம்பட்டி: நடுவுல ஊர்ல எறங்கி சுத்திட்டு வர லேட்டானா கப்பல் நிக்குமா?

கப்பல்காரங்க டூர்ல போனா நிக்கும், நம்மளா ஆட்டோ புடிச்சுப் போனா நிக்காது. இதுல நான் மாட்டுன கதை ஒன்னு இருக்கு. புக்கெட்ல எறங்குனோம், கரைல இருந்து கப்பலுக்குத் திரும்பற கடைசி படகு சாயங்காலம் அஞ்சு மணிக்கு. போன்ல மூணரைதான் ஆகுது, இன்னும் நேரம் இருக்குன்னு கடைல உக்காந்து எளநி குடிச்சிட்டு இருக்கேன். வீட்டம்மா கையில கட்டியிருந்த பழைய வாட்ச்ச பாத்துட்டு "ஏங்க, நாலரை ஆச்சு"ன்னாங்க. ஓடாத வாட்ச்னு நான் கேலி பண்ணேன். தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, போன் தானாவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கிச்சு, கப்பல் சிங்கப்பூர் நேரத்துலயே இருந்துச்சு. வாட்ச்தான் சரி. எளநிய அப்படியே வச்சுட்டு ஓடுனோம். இப்பல்லாம் கப்பல் ஏறுனதும் போன்ல ஆட்டோமேட்டிக் டைம ஆஃப் பண்ணிடறேன், அப்பயும் மணி என்னன்னு அவங்ககிட்டதான் கேக்கறேன்.