அறிவு கூடினால் நிம்மதி குறையுமா? கேள்வி பதில்

அறிவாளிகளுக்கு ஏன் மகிழ்ச்சி வாய்ப்பதில்லை?

வாய்ப்பதில்லை என்று யார் சொன்னது? இங்கிலாந்தில் 6,870 பேரின் விவரங்களை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், நுண்ணறிவு எண் (IQ) குறைந்தவர்களுக்கே மகிழ்ச்சியும் குறைவு என்றார்கள். அதற்கான முக்கியக் காரணங்களில் சில: குறைந்த வருமானம், உடல்நலக் குறைவு, அன்றாட வேலைக்கே பிறர் துணை தேவைப்படுவது. ‘ஒன்றும் தெரியாதவன் கொடுத்துவைத்தவன்’ என்று சொல்வது கொடுமை.

எதையும் விடாமல் யோசிக்கிறேன். விழிப்புணர்வு கூடியதன் துன்பமா இது?

இல்லை. இந்தக் குழப்பத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆலோசனைக்கு வந்த ஒருவர், மேலதிகாரி சொன்ன ஒரே வாக்கியத்தை நாற்பது நிமிடம் அலசினார். பேசி முடித்தபோது அவர் மடியில் பஸ் டிக்கெட் பொடிப்பொடியாகக் கிடந்தது. தன் விரல்கள்தாம் அதைக் கிழித்தன என்பதை, நான் காட்டிய பிறகே கவனித்தார். தன்னைப் பற்றியே சதா நினைத்தவருக்குத் தன் கை தெரியவில்லை. அசைபோடுவது வேறு, விழித்திருப்பது வேறு.

2010-இல் வெளியான ஓர் ஆய்வு 2,250 பேரைக் கைபேசி வழியே அவ்வப்போது விசாரித்தது. ஏறக்குறைய 47 சதவீத வேளைகளில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்போது மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இனிமையான நினைவில் திளைத்தவர்கள்கூட, வேலையில் ஒன்றியிருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை.

இயந்திரத்துக்கு உணர்வு வருமா?

என் துறையல்ல. தத்துவம் படித்தவரைக் கேளுங்கள்.

இணைய நுண்ணறிவுத் தேர்வில் எனக்கு 148 வந்தது. என் தனிமைக்கு அதுதான் காரணமா?

அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பயிற்சி பெற்றவர் நேரில் எடுக்காத தேர்வை நம்பாதீர்கள். தனிமைக்கு மருந்து மனிதர்கள்.

மனச்சோர்வு உள்ளவர்களே உலகை உள்ளபடி காண்கிறார்கள் என்று 1979-லேயே நிரூபித்துவிட்டார்களே?

நிரூபிக்கவில்லை. அந்தச் சோதனையில் மாணவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு சில சமயம் எரியும். அது தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பதைச் சோர்ந்திருந்தவர்கள் சரியாகக் கணித்தார்கள். அவ்வளவுதான்.

அதே நபர்: மற்றவர்கள் ஏமாந்தார்கள் அல்லவா? அதுவே போதாதா?

போதாது. விளக்கைக் கணிப்பதும் வாழ்க்கையைக் கணிப்பதும் ஒன்றா? மேலும், கூடுதல் ஆட்களோடு திரும்பச் செய்து 2022-இல் வெளியிட்டபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. நான் கோபப்படுவது எண்களுக்காக அல்ல. ‘நான் காண்பதே உண்மை, குணமானால் பொய்யில் வாழ்வேன்’ என்று சிகிச்சையை மறுத்தவர்கள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சோர்வு ‘யாருக்கும் நான் வேண்டாம்’ என்று சொல்லும். வாசலில் அண்ணன் காத்திருப்பார்.

புத்திசாலிக்குத் துக்கம் அதிகம்தானே?

மீண்டும் இதே கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள்.

நாலு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. அதிகம் படித்ததாலா?

படிப்பை விடுங்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.