டைவிங் படகில் டிப்: எவ்வளவு, யார் கையில்?

அடுத்த சனிக்கிழமை மனைவியோடு ஃப்ளோரிடாவின் கீ லார்கோ தீவில் இரண்டு டேங்க் டைவிங் போகிறீர்கள், அதாவது ஆளுக்கு இரண்டு முறை கடலுக்குள் முங்குவது, ஒவ்வொரு முறைக்கும் ஒரு காற்று சிலிண்டர். ரசீதில் 'டிப் சேர்க்கப்படவில்லை' என்று போட்டிருக்கிறது. இருபது சதவீதம் கணக்குப் போடுவதா, யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, ஓட்டல் கணக்கைப் படகுக்குக் கொண்டுவராதீர்கள். ஃப்ளோரிடாவில் டேங்குக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஆளுக்கு, ஒரு டேங்குக்கு 5 முதல் 10 டாலர். நீங்கள் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு டேங்க் என்றால் மொத்தம் 20 முதல் 40. நான் வழக்கமாக மேல் பக்கமே நிற்பேன், காரணம் பின்னால் சொல்கிறேன்.

கைடு விஷயத்தில் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். இங்கே பல படகுகளில் கைடு தானாகக் கூட வருவதில்லை. கேப்டன் இடத்தை விளக்குவார், மேட் (படகில் கேப்டனுக்கு உதவியாள்) உங்களைத் தண்ணீரில் இறக்கிவிடுவார், அப்புறம் நீங்களும் உங்கள் ஜோடியும்தான். வழிகாட்டி வேண்டுமென்றால் தனிக் கட்டணம். அப்படி ஒருவரை வைத்துக்கொண்டால் அவருக்கு வேறாகக் கொடுக்க வேண்டும். நான் ஆளுக்கு இருபது டாலர் கொடுப்பேன். படகில் இரவு தங்கும் பயணம் வேறு கதை, அங்கேதான் சதவீதம் வரும், பயணக் கட்டணத்தில் பத்தை ஒட்டி.

இப்போது காரணம். நான் வந்த புதிதில் மொலாசஸ் ரீஃப் என்ற பவளப்பாறைக்குப் போனேன். அன்று தண்ணீர் கலங்கி, கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. படகுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி மேலே வந்துவிட்டேன், நீரோட்டம் இன்னும் இழுக்கிறது. மேட், இருபது வயதுப் பெண், கயிற்றை வீசி இழுத்தாள். ஏணி அலையில் ஏறி இறங்கி அடிக்கிறது. முதலில் என் காலில் இருந்த நீச்சல் துடுப்புகளைக் கழற்றி வாங்கினாள், பிறகு முதுகில் இருந்த டேங்கின் வால்வைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கரைக்கு வந்ததும் மற்றவர்கள் மடித்த நோட்டுகளைக் கொடுத்துவிட்டு இறங்குகிறார்கள். என் பையில் கார்டு மட்டும். 'மீன் ஒன்றும் தெரியவில்லையே, எதற்கு டிப்' என்றும் மனதுக்குள் ஒரு கணக்கு வேறு! தேங்க்யூ சொல்லிவிட்டு நழுவினேன். காரில் ஏறியபோதுதான் உறைத்தது, கூனிக் குறுகிப்போனேன்.

மீன் தெரிவதும் தெரியாததும் அவர்கள் கையில் இல்லை. டேங்க் மாற்றுவது, படகை மிதவையில் கட்டுவது, கிளம்புமுன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பது, இதற்குத்தான் காசு. காற்று அதிகமாகி கேப்டன் இரண்டாவது டைவை ரத்துசெய்தாலும் குறைக்காதீர்கள், அவர் உங்கள் நல்லதுக்குத்தான் திருப்புகிறார். பெயர் கூப்பிடாமலே கிளம்பினால் மட்டும் தயங்காமல் குறையுங்கள், கடையிலும் சொல்லுங்கள். நான் அந்தப் படகில் மறுபடி ஏறவே மாட்டேன்.

யாரிடம்? படகில் ஒரு டப்பா இருந்தால் அதில் போடுங்கள், பெரும்பாலும் கேப்டனும் மேட்டும் பிரித்துக்கொள்வார்கள். டப்பா இல்லையென்றால் இறங்கும்போது மேட்டின் கையில் மடித்துக் கொடுத்து, 'இது உங்கள் எல்லாருக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உரிமையாளரே படகு ஓட்டினால் நான் மேட்டுக்கு மட்டும்தான் கொடுப்பேன். கடையில் கார்டில் சேர்க்கவும் சில இடங்களில் வழியுண்டு. முதலாளி எடுத்துக்கொள்வாரோ என்று கவலை வேண்டாம், பணியாளரின் டிப்பை முதலாளியோ மேலாளரோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் ரொக்கம்தான் வசதி. முந்தைய நாளே ஐந்தும் பத்துமாக மாற்றி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். படகில் சில்லறை கேட்டு நிற்பது நன்றாக இருக்காது.

குமட்டினால் காற்று வீசிப் போகும் பக்கம் தலையை நீட்டுங்கள். தவறி உள்ளேயே ஆகிவிட்டால் மேட் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார், முகம் சுளிக்க மாட்டார். அன்றைக்கு இன்னொரு ஐந்து டாலர் சேர்த்துக்கொள்ளுங்கள்.